நாற்பது சான்றிதழ் இருக்கிறது, கற்றது எங்கே? சேலத்துக் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குப் பதில்

கேள்வி இதுதான்: "சேலத்துக்கும் ஆத்தூருக்கும் நடுவில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இது நான்காவது ஆண்டு. எஃப்டிபி (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), வெபினார் என்று நாற்பதுக்கு மேல் சான்றிதழ் வைத்திருக்கிறேன். ஆனால் எதையும் கற்றுக்கொண்ட மாதிரி இல்லை. பகுதிநேரமாக பிஎச்டி செய்கிறேன். ஓ.டி. (பயிற்சிக்குப் போகப் பணிநாள் அனுமதி) கிடைப்பது கஷ்டம், சம்பளம் குறைவு, வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. சேலத்தில் இருந்துகொண்டே ஒரு கல்லூரி ஆசிரியர் தன்னை வளர்த்துக்கொள்ள உருப்படியான வழி இருக்கிறதா?"

இருக்கிறது மேடம். நானும் வேதியியல்தான். சேலத்தில் இருபத்தேழு ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். முதல் ஏழு ஆண்டு சுயநிதிக் கல்லூரி, அப்புறம் உதவிபெறும் கல்லூரி. அதனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் எனக்குப் பழக்கமானது.

நாற்பது சான்றிதழ் சேர்ந்தும் கற்ற உணர்வு வரவில்லை என்றால் அது உங்கள் குறை இல்லை. அவற்றில் பெரும்பாலானவை கற்பதற்காக நடத்தப்பட்டவையே இல்லை. கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஆறாவது அளவுகோலுக்குள் 6.3 என்று ஒரு பகுதி உண்டு. ஆசிரியர்களின் திறனை வளர்க்கக் கல்லூரி என்ன செய்கிறது என்பதற்கு அங்கே மதிப்பெண். எத்தனை பேர் பயிற்சிக்குப் போனார்கள் என்று எண்ணிக்கை கேட்கிறார்கள். எண்ணிக்கை கேட்டால் எண்ணிக்கைதான் வரும். 2020 ஊரடங்கு மாதங்களில் இது உச்சத்துக்குப் போனது. ஒரு மணி நேரம் ஜூமில் உட்கார்ந்து, கடைசியில் வரும் கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்விக்கு டிக் அடித்தால் மாலைக்குள் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்துவிடும். நாங்கள் எல்லோருமே வாங்கினோம். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

ஆனால் இனிமேல் எதில் சேர்வது என்று முடிவெடுக்க வேறொரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதை முடித்துவிட்டு வந்தால் அடுத்த திங்கட்கிழமை என் வகுப்பிலோ லேபிலோ ஏதாவது ஒன்று மாறுமா? மாறும் என்று சொல்ல முடியாத எதற்கும் ஓ.டி. கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

முதலில் பதவி உயர்வுக் கணக்கைத் தனியாகப் பிரித்து வைத்துவிடுங்கள். கற்பது என்ற கணக்கோடு அதைக் கலந்தால் இரண்டுமே கெடும். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியர் முதல் நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போக, பிஎச்டி இருந்தால் நான்கு ஆண்டுப் பணி, எம்ஃபில் இருந்தால் ஐந்து, இரண்டும் இல்லையென்றால் ஆறு. அதோடு 21 நாள் ஓரியண்டேஷன் பயிற்சி ஒன்று. அதற்கு மேல் ஒரு ரெஃப்ரெஷர் கோர்ஸோ ஆராய்ச்சி முறையியல் பயிற்சியோ வேண்டும், அல்லது தேர்வெழுதிச் சான்றிதழ் பெற்ற ஓர் ஆன்லைன் பாடம் போதும். அவ்வளவுதான். நாற்பது எங்கேயும் கேட்கப்படவில்லை. உங்கள் கல்லூரியில் இந்தச் சம்பள நிலைகளே இப்போது இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் நாளை உதவிபெறும் கல்லூரிக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போகும்போது இந்த இரண்டும் கையில் இருப்பது நல்லது. 2025 ஜனவரியில் யுஜிசி புதிய விதிமுறைக்கு ஒரு வரைவு வெளியிட்டது. அதனால் பணம் கட்டும் முன், எது செல்லும் என்று கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். (ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கட்டாயம் என்று உங்கள் கல்லூரியில் யாராவது சொன்னால், தேசியக் கல்விக் கொள்கை அதைச் சொல்வது பள்ளி ஆசிரியர்களைப் பற்றி. நம்மைப் பற்றி இல்லை.)

அந்த 21 நாள் பயிற்சியை மட்டும் சடங்காக நினைக்காதீர்கள். எண்பதுகளின் கடைசியில் அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ் என்று தொடங்கிய மையங்கள்தான் நடுவில் மனிதவள மேம்பாட்டு மையம் ஆகி, 2023 செப்டம்பரில் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்துக்குள் வந்தன. நமக்குக் கிட்டத்தில் கோவை பாரதியாரும் திருச்சி பாரதிதாசனும் இருக்கின்றன. நான் போன காலத்தில் அது நான்கு வாரம், கோவையில் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும். வந்த உரைகளில் பாதி மறந்துவிட்டது. ஆனால் என் அறையில் ஊட்டியிலிருந்து வந்த ஒரு வரலாற்று ஆசிரியர் இருந்தார். ராத்திரி பத்து மணிக்கு மேல் நாங்கள் இருவரும் வினாத்தாள் எப்படிப் போடுவது என்று பேசிக்கொண்டிருப்போம். மனப்பாடம் செய்தவனுக்கும் புரிந்து படித்தவனுக்கும் ஒரே மதிப்பெண் வருகிற மாதிரி நான் கேள்வி போட்டுக்கொண்டிருந்தேன் என்பது அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. இப்போது இவற்றில் பல ஆன்லைனில் நடக்கின்றன, குழந்தையோடு இருக்கும் உங்களுக்கு அது வசதிதான். பிறகு ஒரு காலத்தில் நேரில் போக வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

சரி, கற்கும் கணக்குக்கு வருகிறேன். இருபத்தேழு ஆண்டில் என் கற்பித்தலை அதிகம் மாற்றியது எது என்று கேட்டால், ஒரு பைசா செலவில்லாத ஒரு காரியத்தைத்தான் சொல்வேன். அதற்குச் சான்றிதழ் கிடையாது.

2011 ஆகஸ்ட். எங்கள் கல்லூரி இயற்பியல் துறையில் எனக்கு ஒரு நண்பர். ஒருநாள் கேண்டீனில், "உங்க கிளாஸ்ல ஒரு நாள் வந்து உக்காரட்டுமா சார்?" என்று கேட்டார். எனக்குக் கொஞ்சம் கூச்சம், ஆனாலும் சரி என்றேன். இரண்டாம் ஆண்டு பிஎஸ்சி, பதினொன்றரை மணி பீரியட், வேதி வினைவேகம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு வெள்ளைத்தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே இருந்தார். வகுப்பு முடிந்து டீ குடிக்கும்போது தாளைக் கொடுத்தார். ஐம்பது நிமிடத்தில் நான் கேட்ட கேள்விகள் பதினேழு. அதில் பதின்மூன்றுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன். மீதி நான்குக்குப் பதில் சொன்னது முதல் இரண்டு வரிசையில் இருந்த மூன்று பேர். கீழே ஒரே ஒரு வரி: "கேள்வி முடியறதுக்குள்ள கை போர்டுக்குப் போயிடுது."

நன்றாகக் கேள்வி கேட்டு வகுப்பெடுக்கிறவன் என்று பன்னிரண்டு ஆண்டாக என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மனசு சரியில்லை. அப்புறம் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, இதை 1970களிலேயே அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் அளந்து சொல்லியிருக்கிறார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் பதில் நீளமாகிறது, பதில் சொல்கிறவர்களின் எண்ணிக்கை கூடுகிறது, அவர்கள் திரும்பக் கேள்வி கேட்கத் தொடங்குகிறார்கள்.

மூன்று விநாடி கேட்பதற்குச் சின்னதாக இருக்கும். வகுப்பில் நின்று பாருங்கள், அது ஒரு யுகம். கேள்வியைக் கேட்டதும் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மனசுக்குள் எண்ணப் பழகினேன். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம், வெப்பநிலை ஏறினால் வினைவேகம் ஏன் ஏறுகிறது என்று கேட்டுவிட்டு நின்றேன். நான்காவது வரிசையில், அதுவரை வாயே திறக்காத வாழப்பாடிப் பக்கத்துப் பெண் எழுந்து, "சார், அப்படின்னா பால் ரொம்பச் சூடா இருக்கும்போது உறை ஊத்துனா ஏன் தயிர் ஆகறதில்ல?" என்று கேட்டது. அன்றைக்கு அர்ரீனியஸ் சமன்பாடு பாதியில் நின்றது. நொதி, நுண்ணுயிர், வினைவேகம் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் ஏன் சட்டென்று விழுகிறது என்று வகுப்பு எங்கேயோ போய்விட்டது. அந்தக் கேள்வியை இன்றைக்கும் ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்தில் நான் பயன்படுத்துகிறேன்.

உங்கள் கல்லூரியில் இதைத் தொடங்க இரண்டு பேர் போதும். ஒரே துறையாக இருக்க வேண்டியதில்லை. வேறு துறை என்றால் இன்னும் நல்லது, பாடத்தில் தப்புக் கண்டுபிடிக்காமல் வகுப்பை மட்டும் பார்ப்பார்கள். வகுப்புக்கு முன்னால், "இன்னைக்கு இதை மட்டும் பாருங்க" என்று ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பார்க்கிறவர் கண்ணில் பட்டதை மட்டும் எழுதட்டும், கருத்து வேண்டாம். "வகுப்பு சலிப்பாக இருந்தது" என்பது உதவாது. "12.05க்குப் பிறகு பின் வரிசையில் ஆறு பேர் நோட்டை மூடிவிட்டார்கள்" என்பது உதவும். அடுத்த வாரம் நீங்கள் அவர் வகுப்பில். மாதம் இரண்டு முறை நடந்தாலே போதும். ஜப்பானியப் பள்ளி ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக ஒன்றாக உட்கார்ந்து பாடம் திட்டமிட்டு, ஒருவர் நடத்துவதை மற்றவர்கள் பார்த்து, திருத்தி மறுபடி நடத்துகிறார்கள். ஜுகியோ கென்க்யூ என்று அதற்குப் பெயர். நாம் செய்வது அதன் சின்ன வடிவம்தான்.

ஒரு எச்சரிக்கை. இதைத் துறைத்தலைவர் வழியாகவோ கல்லூரியின் தர உறுதிக் குழுவான ஐக்யூஏசி வழியாகவோ அதிகாரபூர்வமாக்கிவிடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நிர்வாகத்தின் ஆள் ஜன்னலோரம் நோட்டுப் புத்தகத்தோடு நின்று வகுப்பைக் கவனிப்பார். அங்கே எழுதியது ஆண்டு இறுதியில் இன்கிரிமெண்ட் பேசும்போது வெளியே வரும். அந்தக் கல்லூரியில் யாரும் புதிதாக எதையும் முயன்று பார்க்கவே மாட்டார்கள். தப்பு செய்து பார்க்கவும் இடம் இருந்தால்தான் ஆசிரியர் கற்பார். எனவே தாளை எழுதியவர், அது யாருடைய வகுப்போ அவரிடமே கொடுத்துவிட வேண்டும். நகல் கூட வேண்டாம்.

அடுத்தது பாடத்தை ஆழமாகக் கற்பது. கற்பித்தல் முறையைப் பற்றி எவ்வளவு பேசினாலும், பாடத்தில் கை பழகாத ஆசிரியரிடம் அது ஒட்டாது. என் கதையையே சொல்கிறேன். ஐஆர் (அகச்சிவப்பு) நிறமாலையை ஒன்பது ஆண்டு போர்டில் படம் போட்டே நடத்தினேன். கருவியைத் தொட்டதில்லை. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி, தில்லியில் உள்ள இன்சா, பிரயாக்ராஜில் உள்ள நாசி ஆகிய மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு நல்கை ஒன்று நடத்துகின்றன. அது மாணவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். 2009 கோடையில் இரண்டு மாதம் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன்.

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை கேபிஆர் வில்லை போடுவது. பொட்டாசியம் புரோமைடைக் கல்வத்தில் நைசாக அரைத்து, மாதிரியைத் துளிப்போலச் சேர்த்து, அச்சில் வைத்து அழுத்த வேண்டும். கண்ணாடி மாதிரித் தெளிவாக வர வேண்டும். என்னுடைய முதல் வில்லை பால் நிறத்தில் வந்து, எடுக்கும்போதே விரிசல் விட்டது. இரண்டாவது பரவாயில்லை, ஆனால் நிறமாலையில் 3400 பக்கத்தில் ஒரு பெரிய அகலமான முகடு. என் சேர்மத்தில் ஓஹெச் தொகுதியே கிடையாது. அங்கிருந்த ஆய்வு மாணவி, என் மாணவர்கள் வயதுதான் இருக்கும், "சார், உப்பு ஈரம் இழுத்திருக்கு, அடுப்பில் வச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அந்த ஈர முகடு எந்தப் புத்தகத்திலும் அவ்வளவு தெளிவாக இருக்காது. அச்செடுத்த அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வகுப்பில் முதலில் அதைத்தான் காட்டுவேன், "இதுல ஓஹெச் இருக்கா?" என்று கேட்டுவிட்டு நிற்பேன்.

உங்கள் குழந்தைக்கு ஒன்றரை வயது என்பதால் இரண்டு மாதம் வெளியூர் இப்போது முடியாது. ஆனால் மனதில் குறித்து வையுங்கள். பிஎச்டி முடித்து நிரந்தரப் பணியும் அமைந்தால் டேர் என்று ஒரு திட்டம் இருக்கிறது. நம் கல்லூரி வேலையில் இருந்துகொண்டே, ஓர் ஐஐடியிலோ தேசிய ஆய்வகத்திலோ மூன்று ஆண்டு விட்டுவிட்டுப் போய் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகையும் ஆய்வுப் பணமும் தருவார்கள். உங்கள் கல்லூரியில் தமிழ், வரலாறு, ஆங்கிலம் எடுக்கும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: சிம்லாவில் உள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனம் கல்லூரி ஆசிரியர்களை அசோசியேட்டாக எடுக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் அங்கே தங்கிப் படிக்கலாம், எழுதலாம். கலைப்பாட ஆசிரியர்களுக்கு ஒன்றுமே இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வது சரியில்லை.

வீட்டிலிருந்து செய்யக்கூடியதில் ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத்தளமான என்பிடெல்தான் முதலிடம். பாடம் கேட்க இலவசம். தேர்வெழுதி சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1,000 ரூபாய். தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வு. சேலத்திலேயே எழுதலாம். வார அசைன்மெண்டுக்கு 25, தேர்வுக்கு 75. ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பருவம் தொடங்கும். நீங்கள் முதலில் 12 வாரப் பாடம் எடுக்காதீர்கள். நான்கு வாரம் அல்லது எட்டு வாரம் எடுங்கள். ஆர்வத்தில் நீளமானதை எடுத்துவிட்டு ஐந்தாவது வாரம் கைவிட்ட ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேர்ந்தெடுப்பதில் ஒரு யோசனை: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தை மறுபடி எடுக்காதீர்கள், நீங்கள் நடத்தப் பயப்படும் பாடத்தை எடுங்கள். எனக்குக் குவாண்டம் வேதியியல் அப்படி இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் அதை உட்கார்ந்து, அசைன்மெண்ட் போட்டு, சின்னப் பசங்களோடு தேர்வு ஹாலில் உட்கார்ந்து எழுதினேன். மதிப்பெண் 68. மாணவராக இருப்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. தேர்வுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராதது உட்பட எல்லாம் திரும்ப வந்தது. அந்தப் பருவத்தில் என் இன்டர்னல் வினாத்தாளை நான் திருத்தியது வேறு மாதிரி இருந்தது.

எட்டு வாரப் பாடத்தை ஒரு வார எஃப்டிபியாகவும், 12 வாரத்தை ஒன்றரை வாரமாகவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ ஏற்கிறது. கல்லூரி எஃப்டிபி கணக்கு கேட்டால் இதையே காட்டலாம். மென்பொருள் ஏதாவது கற்க வேண்டுமென்றால், ஆய்வேட்டுக்கு லேடெக், தரவுக்குப் பைத்தான் என்று, ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழிலேயே சின்னச் சின்னக் காணொளிகளாக இருக்கின்றன. பத்து நிமிடம் பார்த்து, அதையே கணினியில் செய்து பார்த்து, அடுத்ததுக்குப் போகலாம். குழந்தை தூங்கும் நேரத்துக்குப் பொருத்தமான அளவு.

பிஎச்டி பற்றி நீங்கள் அதிகம் கேட்கவில்லை, அதனால் இரண்டே விஷயம். மூன்றே நாளில் பிரசுரம், இவ்வளவு ரூபாய் என்று வாட்ஸாப்பில் வரும் இதழ் எதற்கும் கட்டுரை கொடுக்காதீர்கள். நம்பகமான ஆய்விதழ்களுக்கு யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டதால் இப்போது நல்ல இதழ் எது என்று பார்க்கும் பொறுப்பு நம் தலையில்தான். அப்புறம், ஆய்விதழ்களைப் படிக்க உதவும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். அதனால் உங்கள் கல்லூரி நூலகர், கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்லிஸ்ட் சந்தா கட்டியிருக்கிறாரா என்று கேளுங்கள். கட்டியிருந்தும் யாரும் பாஸ்வேர்டு வாங்காத கல்லூரிகள் உண்டு.

இனி, சேலத்தில் இருந்துகொண்டே என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். சேலம் கற்க வசதியில்லாத ஊர், சென்னையில் இருந்திருந்தால் என்று ஒரு புலம்பல் நம்மிடம் உண்டு. வேதியியல் ஆசிரியருக்கு இந்த ஊரை விட நல்ல ஊர் அதிகம் இல்லை என்று நான் நினைக்கிறேன். கருப்பூர்ப் பக்கம் போனால் வெள்ளைக்கல் குவியல். வெள்ளைக்கல்பட்டி என்று ஊருக்கே பெயர், மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையம். அந்தக் கல்லைச் சுட்டு எடுக்கும் மெக்னீசியம் ஆக்சைடு உருக்கு உலையின் உள்பக்கச் செங்கலுக்குப் போகிறது. நாமோ பிஎஸ்சி லேபில் எங்கேயோ கம்பெனி பாட்டிலில் வந்த மெக்னீசியம் சல்பேட்டைக் கரைத்து ஈடிடிஏ தரம்பார்த்தல் செய்ய வைக்கிறோம்.

ஓர் ஆண்டு, அந்தப் பக்கத்திலிருந்து வரும் மாணவனிடம் ஒரு கல்லைக் கொண்டுவரச் சொன்னேன். உடைத்து, பொடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டேன். பொங்கவில்லை. கார்பனேட் என்றால் பொங்க வேண்டுமே என்று மாணவர்கள் என்னைப் பார்க்கிறார்கள், நான் கல்லைப் பார்க்கிறேன். சுண்ணாம்புக்கல் மாதிரி நினைத்துவிட்டேன். அன்று மாலை ஜியாலஜி ஆசிரியர் ஒருவருக்குப் போன் போட்டேன். "மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துல லேசுல கரையாது சார், சூடு பண்ணுங்க, நாங்க ஃபீல்டுல ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கறதே அப்படித்தான்" என்றார். மறுநாள் சூடாக்கினோம், பொங்கியது. வடிகட்டி, அம்மோனியா பஃபர் சேர்த்து, எரியோகுரோம் பிளாக் டி போட்டு, ஒயின் சிவப்பு நீலமாகும் வரை ஈடிடிஏ சொட்டினார்கள். தூய மெக்னீசியம் கார்பனேட்டில் மெக்னீசியம் 28.8 சதவீதம் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவுக்கும் அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஏன் குறைந்தது, வடிதாளில் தங்கிய வெள்ளைப் பொடி என்ன, கால்சியம் கொஞ்சம் கலந்திருந்தால் கணக்கு என்னாகும் என்று அடுத்த இரண்டு லேப் வகுப்பும் அதிலேயே போனது. அந்த ஒரு போன் எனக்கு எந்த எஃப்டிபியையும் விடப் பெரிய பயிற்சி.

மற்ற துறை நண்பர்களுக்கும் இப்படி இடம் இருக்கிறது. தாவரவியல் என்றால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் போதும். படகுத்துறையும் போண்டாவுமாகத் திரும்பும் கல்லூரிச் சுற்றுலாக்களில் பாதிக்கு அது இருப்பதே தெரியாது. சேர்வராயன் மலை உச்சிப் பக்கம் பாக்சைட் இருக்கிறது, அலுமினியம் பாடம் எடுக்கிறவர் ஒரு முறை பார்க்க வேண்டும். ஜவுளி, சாயம் என்றால் 1960ல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. வணிகவியல் ஆசிரியர் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்தால் ஜாப் ஒர்க்குக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஏத்தாப்பூர். உங்கள் கல்லூரி பஸ் போகும் பாதையிலேயே வரும். அங்கே வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகள். மாவுச்சத்து, மரவள்ளியில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு, ஆலைக் கழிவுநீரின் சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) என்று உங்கள் சிலபஸில் பாதி அந்தச் சாலையில் இருக்கிறது. உங்கள் மாணவர்களில் பலருடைய வீட்டில் மரவள்ளி போட்டிருப்பார்கள், அவர்கள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் நிறைய இருக்கும்.

கடைசியாக ஓ.டி. எப்படிக் கேட்பது. வாய்மொழியாகக் கேட்காதீர்கள், "பாக்கலாம்" என்ற பதில்தான் வரும். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். எந்த நாட்கள், அந்த நாட்களில் உங்கள் வகுப்புகளை யார் எடுக்கிறார்கள் என்று அவர்கள் கையெழுத்தோடு, திரும்பி வந்ததும் துறையில் ஒரு மணி நேரம் மற்றவர்களுக்கு எதைச் சொல்லித்தருவீர்கள், எந்த லேப் சோதனையில் அதைச் சேர்ப்பீர்கள். நாக் கோப்புக்கு இந்தக் கடிதமே ஓர் ஆவணமாகும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும், அதனால் மறுப்பது கொஞ்சம் கஷ்டம். அப்படியும் மறுத்தால், செமஸ்டர் முடிந்த இடைவெளியில் வருகிற பயிற்சியாகப் பார்த்துச் சேருங்கள். ஒன்று மட்டும்: எந்தப் பயிற்சிக்காகவும் அசல் சான்றிதழ்களை நிர்வாகத்திடம் ஒப்படைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். நான் ஓர் இடத்தில் கொடுத்துவிட்டு, வேறு வேலை கிடைத்தபோது திரும்ப வாங்க நான்கு மாதம் நடந்தேன்.

இந்த ஆண்டுக்கு உங்களுக்கு மூன்றே போதும். பக்கத்துத் துறையில் நம்பிக்கையான ஒருவரோடு வகுப்பு பார்ப்பது, ஜூலையில் ஓர் எட்டு வாரப் பாடம், மரவள்ளி அறுவடை நாட்களில் ஒரு சனிக்கிழமை ஏத்தாப்பூர். குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் மற்றதைப் பார்க்கலாம். வெள்ளைக்கல் சோதனைக்கான லேப் குறிப்பு, எவ்வளவு எடை, எவ்வளவு அமிலம், எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும் என்பதெல்லாம் என்னிடம் தமிழிலேயே இரண்டு பக்கம் இருக்கிறது. கேளுங்கள், அனுப்புகிறேன்.